கருவி இடத்தைச் சொல்லும், வழியைச் சொல்லுமா?

மலை ஏறப் போகிறவன் கையில் இன்று கம்பு இருக்கோ இல்லையோ, ஜி.பி.எஸ். இருக்கிறது. "இது ஒண்ணு போதும்டா, வழி தப்பவே தப்பாது" என்கிறார்கள் நண்பர்கள். நிஜமாகவே போதுமா? டெக்னிக்கல் படிக்கிற நாமாவது இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டாமா?

முதலில் கருவியின் பெருமையைச் சொல்லிவிடுவோம். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் குறைந்தது நான்கின் சிக்னல் வேண்டும். அவை வந்துசேர எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்து, நாம் நிற்கும் இடத்தைக் கருவி கணக்கிடுகிறது. நேரக் கணக்கில் ஒரு மைக்ரோ செகண்டு பிசகினால் தூரத்தில் 300 மீட்டர் பிசகும். எவ்வளவு நுட்பம் பாருங்கள்! 2000ஆம் ஆண்டு மே மாதம் வரை, பொதுமக்களுக்கான சிக்னலில் அமெரிக்கா வேண்டுமென்றே பிழையைக் கலந்து விட்டது. 100 மீட்டர் வரை தப்பு வரும். இன்றோ திறந்தவெளியில் சாதாரண செல்போனே சுமார் 5 மீட்டர் அளவுக்குச் சரியாகச் சொல்கிறது. டவர் கிடைக்காத காட்டிலும் இடத்தைக் காட்டும்.

ஆனால் அடர்ந்த மரங்களும் செங்குத்துப் பாறைகளும் வந்துவிட்டால் கதையே வேற. சிக்னல் பாறையில் மோதிச் சுற்றி வரும். கணக்கு தப்பும். உயரத்தைச் சொல்வதில் பிழை இன்னும் அதிகம்.

சரி, கொஞ்சம் தப்பினால் என்ன குடி முழுகிப்போகும் என்கிறீர்களா? ஸ்காட்லாந்தில் பென் நெவிஸ் என்று ஒரு மலை. உயரம் 1,345 மீட்டர். உச்சியில் பனிமூட்டம் கவிந்தால் பக்கத்தில் நிற்பவன் கூடத் தெரிய மாட்டான். ஒரு பக்கம் பல நூறு மீட்டர் பாறைச் சரிவு, மறுபக்கம் செங்குத்தான ஓடைப் பள்ளம். அங்கிருந்து இறங்க, காம்பஸில் 231 டிகிரி பார்த்து 150 மீட்டர், பிறகு 282 டிகிரி என்று நடக்க வேண்டும். இருபது முப்பது மீட்டர் விலகினாலும் உயிர் நம் கையில் இல்லை!

அதே மலைக்கு 2021இல் கூகுள் மேப், அடிவாரத்தில் கார் நிறுத்தும் இடத்திலிருந்து நேராக உச்சிக்கு ஒரு புள்ளிக்கோடு காட்டியது. அது உயிருக்கே உலை வைக்கும் பாதை என்று அங்குள்ள மலையேற்ற அமைப்பினர் எச்சரித்தார்கள். இதில் செயற்கைக்கோள் செய்த தப்பு எதுவுமில்லை. 'நீ இங்கே நிற்கிறாய்' என்பது சரி. 'இப்படிப் போ' என்பதுதான் தப்பு. முதலாவதைச் சொல்வது ஜி.பி.எஸ்.; இரண்டாவதைச் சொல்வது யாரோ போட்ட மேப். இந்த வித்தியாசம் தெரியாமல் நடப்பவனுக்கு ஒரு மீட்டர் துல்லியம் இருந்தும் என்ன பிரயோஜனம்?

ஆகவே ஜி.பி.எஸ். வேண்டாம் என்பதல்ல என் வாதம். தாராளமாகக் கொண்டுபோங்கள். கிளம்பும் முன்பே மேப்பை இறக்கி வையுங்கள். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும்; மாற்று வேண்டும். கூடவே காகித மேப்பும் காம்பஸும் பையில் இருக்கட்டும். உள்ளூர் ஆட்களிடம் கேட்க வெட்கப்படாதீர்கள்.

நண்பர்களே! சர்வே லேபில் பேரிங் எடுக்கப் பழகுவது மார்க்குக்காக மட்டும்தானா? பேட்டரி தீர்ந்த பிறகும் வேலை செய்வது அந்தப் படிப்புதான். கருவியை நம்புவோம், கண்ணையும் திறந்து வைப்போம்!