சுருட்டை முடி நாயும் பேத்தியின் இளைப்பும்

என் பேத்திக்கு நாய் வேண்டுமாம். ஒன்பது வயது. மழைக்காலம் தொடங்கினால் கூடவே இளைப்பும் தொடங்கிவிடும் குழந்தை. ஆகவே இந்தக் கோரிக்கையை எங்கள் செம்பூர் வீட்டில் எல்லோரும் ஒருமனதாக நிராகரித்து வந்தோம். போன தீபாவளிக்கு என் மகன் ஒரு படத்தைக் காட்டினான். சுருட்டை முடியும் பொத்தான் கண்களுமாக ஒரு குட்டி. "அப்பா, இது லாப்ரடாரும் பூடிலும் கலந்த ஜாதி. முடியே கொட்டாதாம். அலர்ஜியே வராதாம்" என்றான். 'தாம்' இரண்டு முறை வந்ததுமே எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது.

நாய் வாங்குவதிலும் புடவை வாங்குவதைப் போல ஒரு மோஸ்தர் இருக்கிறது. ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு பாமரேனியன். 2003ல் ஒரு செல்போன் விளம்பரத்தில் சிறுவன் ஒருவனின் பின்னாலேயே ஒரு பக் நாய் நடந்தது. உடனே ஊரெல்லாம் பக். அந்தச் சப்பை மூக்கு நம் மே மாத வெயிலில் மூச்சுக்குத் திணறும் என்பதைப் பலர் வாங்கிய பிறகே கண்டுகொண்டார்கள். இப்போது பூடில் கலப்பின் முறை. லாப்ரடாருடன் சேர்ந்தால் லாப்ரடூடுல், காக்கர் ஸ்பேனியலுடன் சேர்ந்தால் காக்கப்பூ.

லாப்ரடூடுல் பிரபலமான கதை சுவையானது. ஹவாயில் பார்வையற்ற ஒரு பெண்மணிக்கு வழிகாட்டி நாய் தேவைப்பட்டது. அவருடைய கணவருக்கோ நாய் என்றால் ஒவ்வாமை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் வழிகாட்டி நாய்ச் சங்கத்தில் பணியாற்றிய வாலி கான்ரன் என்பவர், பல பூடில்களைப் பழக்கிப் பார்த்தும் பயன்படாமல், 1980களின் இறுதியில் லாப்ரடாரையும் பூடிலையும் சேர்த்தார். மூன்று குட்டிகள் பிறந்தன. முடியையும் எச்சிலையும் ஹவாய்க்கு அனுப்பிச் சோதித்ததில், ஒரு குட்டி மட்டுமே அந்தக் கணவருக்கு ஒத்துக்கொண்டது. மூன்றில் ஒன்று! இந்தச் செய்தியை எந்த நாய் வியாபாரியும் நமக்குச் சொல்வதில்லை. மற்ற இரண்டு குட்டிகளைக் 'கலப்பு' என்று யாரும் ஏற்க முன்வரவில்லையாம். லாப்ரடூடுல் என்று புதுப்பெயர் சூட்டிப் பத்திரிகைகளில் வந்த பிறகே கிராக்கி ஏற்பட்டது. பின்னாளில் கண்டபடி இனச்சேர்க்கை செய்து விற்பதைக் கண்டு, தாம் செய்த காரியத்துக்காக வருந்துவதாக 2019ல் அவரே வெளிப்படையாகச் சொன்னார்.

ஒவ்வாமை தருவது முடி அல்ல. நாயின் எச்சிலிலும் தோல் செதிலிலும் உள்ள ஒருவகைப் புரதம். பூடில் முடி உதிர்ந்தாலும் சுருளிலேயே சிக்கிக்கொள்வதால் தரையில் விழுவது குறைவு. எச்சில் ஊறுவது குறையவில்லையே! 2011ல் அமெரிக்காவில் வீட்டுத் தூசியை எடுத்துப் பார்த்தார்கள். 'ஒவ்வாமை தராத' நாய் இருந்த வீட்டிலும் மற்ற நாய் இருந்த வீட்டிலும் அந்தப் புரதத்தின் அளவில் வித்தியாசம் இல்லை. மறு ஆண்டு வெளிவந்த ஒரு டச்சு ஆய்வில், பூடில், லாப்ரடூடுல் முடியில் அது மற்ற நாய்களைவிட அதிகமாகவே இருந்தது. அதோடு, ஒரே ஜாதிக்குள்ளும் நாய்க்கு நாய் பெரிய வேறுபாடு.

எங்கள் கட்டிடத்தின் நான்காம் மாடியில் ஒரு குடும்பம், பையனுக்கு ஆஸ்துமா என்றே தேடிப்பிடித்து ஒரு பூடில் கலப்புக் குட்டியை வாங்கியது. ஆறேழு மாதம் ஒரு தொல்லையும் இல்லை. பிறகு குட்டி முடி மாறிப் பெரிய முடி வந்தது. பையன் இரவெல்லாம் உட்கார்ந்தே தூங்க வேண்டியதாயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாயைப் பன்வெலில் யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். பையன் இளைப்பு நின்றுவிட்டது, பேச்சும் ஏறக்குறைய நின்றுவிட்டது. லிஃப்டில் பார்த்தால் என் செருப்பையே பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

ஆகவே என் தாழ்மையான கருத்து இதுதான்: இளைப்புள்ள குழந்தை இருக்கும் வீட்டில் பூடில் கலப்புக் குட்டியை வாங்கவே வாங்காதீர்கள். அந்த ஜாதி மேல்தான் ஆசையென்றால் இரண்டு மூன்று வயதான நாயைப் பாருங்கள். அதன் முடியும் குணமும் உருவமும் முடிவாகிவிட்டிருக்கும். பல முறை போய்ப் பழகிப் பார்க்கலாம். ஊர் மாற்றலாகும் குடும்பங்கள் பல, நாய்க்கு நல்ல இடம் தேடுகின்றன. குட்டிதான் வேண்டும் என்பவர்கள் தாயை நேரில் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம். 2017ஆம் ஆண்டு விதிகளின்படி நாய் வளர்த்து விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். முகம் எப்படிப் போகிறது என்று பாருங்கள்.

சொசைட்டியில் அனுமதிப்பார்களா என்று பலர் பயப்படுகிறார்கள். பெரும்பான்மைத் தீர்மானம் போட்டாலும் வளர்ப்பு நாயைத் தடுக்க முடியாது என்று இந்திய விலங்கு நல வாரியம் 2015லேயே தெளிவாக்கிவிட்டது. மாநகராட்சி உரிமத்தையும் வெறிநாய்க்கடித் தடுப்பூசியையும் நாம் ஒழுங்காக வைத்துக்கொண்டால் போதும்.

உண்மையான சிரமம் மழையில்தான். சுருட்டை முடி நனைந்து காயாமல் விட்டால் கம்பளி மாதிரி திரண்டுவிடும். உள்ளே தோல் புண்ணாகும். தினமும் வேர்வரை சீப்பு ஓட வேண்டும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை கத்தரிக்க வேண்டும். அந்தச் செலவு மாதச் சம்பளக்காரருக்குக் கனமானது. ஜூன் பிறக்குமுன் ஒட்ட வெட்டிவிடுவது நல்லது. தொங்கும் காதுக்குள் ஈரம் நின்றால் சீழ் பிடிக்கும். வெள்ளத்தில் எலி மூத்திரம் கலக்கும் இந்த ஊரில் லெப்டோ தடுப்பூசி அவசியம் போட வேண்டும். உண்ணியையும் மறக்க வேண்டாம். நாய் முடிக்குள் அது ஒளிந்தால் கையால் தடவித்தான் கண்டுபிடிக்க முடியும். பரேலில் தின்ஷா பெட்டிட் தம் மனைவி பெயரால் 19ஆம் நூற்றாண்டிலேயே தொடங்க உதவிய கால்நடை மருத்துவமனை இன்றும் இருக்கிறது.

சாப்பாட்டில் நம்மவர்களுக்குத் தனி எச்சரிக்கை தேவை. மிஞ்சிய சாம்பார் சாதத்தை நாய்க்கு வைக்காதீர்கள். சின்ன வெங்காயமானாலும் பெரிய வெங்காயமானாலும் நாயின் இரத்த அணுக்களை அழிக்கும். பாயசத்தில் கிடக்கும் திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும். தயிர்சாதம் ஒருவேளைக்குச் சரி. அதுவே முழு உணவாகாது.

மே மாதம் ஊருக்குப் போவதையும் இப்போதே யோசியுங்கள். ரயில்வே பார்சல் அலுவலகத்தில் 38 ஆண்டுகள் குப்பை கொட்டியவன் சொல்கிறேன். முதல் வகுப்பில் ஒரு கூப்பே முழுவதையும் எடுத்தால்தான் நாய் நம்முடன் வரும். இல்லையென்றால் கார்டு பெட்டியிலுள்ள நாய்க் கூண்டுதான். திருநெல்வேலிக்கு ஒரு நாளுக்கும் மேலான பயணம். மே மாத வெயிலில் அந்தக் கூண்டில் என் நாயை நான் ஏற்ற மாட்டேன்.

இத்தனையும் மகனிடம் சொன்னேன். "நாங்கள் இருவரும் காலை 8 மணிக்குக் கிளம்பிவிடுகிறோம், நாயை நீங்கள்தானே பார்த்துக்கொள்வீர்கள்?" என்றான். அதுதான் விஷயம்! 1974ல் தாராவியில் என் மாமா வீட்டில் தங்கியிருந்தபோது எங்கள் சந்து முழுவதற்கும் பொதுவாக ஒரு தெருநாய் இருந்தது. அதற்குச் சீப்பும் கிடையாது, கத்தரியும் கிடையாது. இருபது வீட்டுச் சோறு, இருபது வீட்டுக் காவல். இப்போது இருபது வீட்டு வேலையும் ஒரு தாத்தாவின் முழங்கால் மேல்.

ஆனாலும் பேத்தியின் முகத்தைப் பார்த்து முழுவதும் மறுக்க மனம் வரவில்லை. மாதுங்காவில் என் பழைய அலுவலக நண்பரின் மகன் குடும்பத்தோடு கனடா போகிறான். அவர்களிடம் மூன்று வயது பூடில் கலப்பு ஒன்று இருக்கிறது. குழந்தையின் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, இளைப்பு மருந்தையும் பையில் போட்டுக்கொண்டு, ஞாயிறுதோறும் அங்கே போய் உட்காருகிறோம். முதல் வாரம் ஒன்றுமில்லை. இரண்டாம் வாரம் இரண்டு தும்மல். நாயாலா, நண்பர் வீட்டு ஊதுபத்தியாலா தெரியவில்லை. மூன்றாம் வாரம் ஊதுபத்தியை அணைக்கச் சொன்னேன். தும்மல் இல்லை.

இன்னும் மூன்று வாரம் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்கிறார் மருத்துவர். அந்த நாய்க்கு ஏதோ ஆங்கிலப் பெயர் உண்டு. பேத்தி முதல் நாளிலிருந்தே அதை 'முறுக்கு' என்றுதான் கூப்பிடுகிறாள். அதுவும் திரும்பிப் பார்க்கிறது.