மாட்டின் பல்லை வாங்கும் நாளில் மட்டும் பார்த்தல் போதுமா?

மாடு வாங்கச் செல்லும் கமக்காரர் எவரும் அதன் வாயைத் திறந்து பாராமல் பணம் கொடுப்பதில்லை. இரண்டு பல்லா, நாலு பல்லா, கடை சேர்ந்ததா என எண்ணி வயதைக் கணிப்பர். முதலிரு நிலைப்பற்கள் ஏறத்தாழ 2 வயதில் முளைக்கும். 4 முதல் 5 வயதளவில் எட்டும் நிறைந்துவிடும். இக்கணிப்பில் கமக்காரர் வல்லவரே. ஆயினும் மாடு கொட்டிலுக்கு வந்தபின் அவ்வாயை மறுபடி நோக்குவோர் சிலரே.

குதிரை வளர்ப்போர் இவ்வாறு விட்டுவிட முடியாது. குதிரையின் கடைவாய்ப் பற்கள் தேயத் தேய, ஆண்டுக்கு 2 முதல் 3 மில்லிமீற்றர் வரை முரசிலிருந்து வெளிவந்துகொண்டேயிருக்கும். மேல்தாடை கீழ்த்தாடையிலும் அகன்றதாதலின் பல்லோரங்கள் கூராகிக் கன்னத்தையும் நாவையும் கிழிக்கும். ஆகவே மிருக வைத்தியர் ஆண்டுக்கொரு முறையேனும் வாயைச் சோதித்து, அக்கூர்களை அரத்தால் தேய்த்துவிடுவர். பல்லைப் பிடுங்க நேர்ந்தாலும் மருந்தால் நோவை அடக்கி, வேர் முறியாதபடி பொறுமையாகவே எடுப்பர். மாட்டுக்கு அரம் பிடித்தல் வழக்கமன்று. அதைப் பார்த்துச் செய்யவும் வேண்டாம். கைக்கொள்ளத்தக்கது வாயைப் பார்க்கும் பழக்கம் ஒன்றே.

மாட்டின் வாயமைப்பு வேறு. மேல்தாடையின் முன்புறத்தில் பற்களே இல்லை. தடித்த முரசு மட்டுமே உண்டு. அம்முரசு புண்படாதிருக்கும் பொருட்டுக் கீழ்முன்பற்கள் இயல்பாகவே சிறிது அசையும். இதையறியாது, பல் ஆடுகிறதென்று குறடு தேடுவோரும் உளர். நல்ல பல்லைப் பிடுங்கிவிட்டு, மாடு மேயவில்லையே என்று பின்னர் வருந்துவதிற் பயனென்ன?

கடைவாயிலுள்ள பழுதோ எளிதிற் கண்ணுக்குப் புலப்படாது. ஒரு புறமாகவே மெல்லுதல், மென்ற தீனியை உருண்டையாய்க் கீழே போடுதல், சாணத்தில் நீண்ட வைக்கோல் துண்டுகள் காணப்படுதல், வாய் நாறுதல் ஆகியன அதன் அடையாளங்கள். தாடையெலும்பு கல்லைப்போல் வீங்குமாயின், முரட்டுத்தீனி கீறிய புண்வழியே கிருமி எலும்பிற் புகுந்திருக்கலாம். அங்கே பல் ஆடுவது நோயின் விளைவேயன்றிக் காரணமன்று. பல்லைப் பிடுங்கினால் அந்நோய் தீராது. வீக்கம் சிறிதாயிருக்கும்போதே மிருக வைத்தியரை அழைத்தல் வேண்டும்.

வீணீர் வடிக்கும் மாட்டின் வாய்க்குள் ஒருபோதும் வெறுங்கையை விடலாகாது. கால்வாய் நோயிலும் வீணீர் வடியும். விசர் நோயிலும் வடியும். விசர் கொண்ட மாடு தொண்டையில் முள் சிக்கியது போலவே தோன்றும். அம்முள்ளைத் தேடிக் கைவிட்டவரின் உயிருக்கே ஆபத்து. நோய்க்குறி தோன்றியபின் மனிதரைக் காப்பாற்றுதல் மிக அரிது. கை பட்டுவிட்டால் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் நன்றாகக் கழுவி, அன்றே வைத்தியசாலைக்குச் சென்று ஊசி மருந்து பெறவேண்டும்.

நோயெதுவுமின்றிப் பல் தேய்ந்ததாலேயே மெலியும் முதிய மாட்டுக்குச் செலவு அதிகமில்லை. வைக்கோலைக் குறுக நறுக்கி நனைத்தும், புண்ணாக்கைத் தவிட்டுடன் ஊறவைத்தும், இளம்புல்லுடன் கொடுத்துவரலாம்.