மழை வரட்டும், பாத்துட்டுத் தர்றேன்

டிஸ்கி: மொட்டை மாடியில ஷீட் போட்டவங்க, போடப் போறவங்க, போடுற தொழில்ல இருக்குறவங்க மூணு பேருக்கும் இந்தப் பதிவு பொதுவானது. நடுவுல கொஞ்சம் கணக்கு வரும், பயப்படாதீங்க :)

கூரை வேலை பாக்குற சின்ன கான்ட்ராக்டர் யாரைக் கேட்டாலும் ஒரே புலம்பல்தான். "வேலை கிடைக்குது தம்பி, காசுதான் வர மாட்டேங்குது." சுத்தமா வராம இல்லை. முக்கால்வாசி வந்துடும். கடைசி இருபதாயிரம் முப்பதாயிரம் மட்டும் நிக்கும். இரும்புக் கடைக்காரருக்குக் குடுத்தாச்சு, வெல்டருக்கும் ஹெல்பருக்கும் சனிக்கிழமை கூலி குடுத்தாச்சு, வண்டி வாடகை குடுத்தாச்சு. அந்த நிக்கிற காசுதான் அவரோட லாபம். அதாவது ஊருக்கெல்லாம் பட்டுவாடா பண்ணிட்டு, இவர் மட்டும் சம்பளம் வாங்காம வீட்டுக்குப் போறார்.

இதுக்கு எல்லாரும் சொல்ற காரணம், "வீட்டுக்காரங்க கஞ்சப் பிசினாரிங்க". நான் ஒத்துக்க மாட்டேன். பத்துல ஒருத்தர் அப்படி இருக்கலாம். மீதி ஒன்பது பேர் காசைப் பிடிச்சு வைக்கிறதுக்குக் காரணம், அவங்க கையில இருக்குற துண்டுச் சீட்டு. "ஷீட் வேலை - 1,69,000. வரவு 1,40,000. பாக்கி 29,000." இதுக்குப் பேரு பில்லாம்! எதுக்கு 1,69,000னு அந்தச் சீட்டைப் பார்த்து யாராவது சொல்ல முடியுமா?

முதல் சண்டை: சதுரடி

வீட்டுக்காரர் மாடியை அளக்குறார். 30 அடிக்கு 20 அடி. 600 சதுரடி. ரேட்டு சதுரடிக்கு 200 ரூபான்னு பேசியிருக்காங்கன்னு வச்சுக்குங்க (கணக்குக்காகத்தான், மார்க்கெட் ரேட்டுன்னு எடுத்துக்காதீங்க). மனசுக்குள்ள 1,20,000ன்னு முடிவு பண்ணிட்டார்.

கான்ட்ராக்டர் அளக்குறது ஷீட்டை. சாரல் அடிக்காம இருக்க நாலு பக்கமும் 2 அடி வெளிய நீட்டணும். அப்ப 34க்கு 24, அதாவது 816 சதுரடி. தண்ணி ஓடுறதுக்குச் சரிவு வேணும். 15 டிகிரி சரிவு வச்சா பரப்பளவு மூணரை சதவீதம் கூடும். ஆச்சு 845 சதுரடி. 200 ரூபா வீதம் 1,69,000.

வித்தியாசம் 49,000 ரூபா. இதுல யாரும் யாரையும் ஏமாத்தலை. ரெண்டு பேரும் சரியாத்தான் அளந்திருக்காங்க, ஒருத்தர் தரையை, இன்னொருத்தர் கூரையை. ஆனா வேலை முடிஞ்சப்புறம் 1,69,000னு சீட்டு வந்தா வீட்டுக்காரருக்கு எப்படி இருக்கும்? "சார், ஷீட் அளவுதான் சார் கணக்கு, எல்லாரும் அப்படித்தான்"னு அதுக்கப்புறம் விளக்கினா அது சமாளிப்பு மாதிரிதான் கேக்கும். அதையே வேலைக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல படம் போட்டு, "அளவு ஷீட் பரப்புக்கு, தரைப் பரப்புக்கு இல்லை. மொத்தம் 845 சதுரடி"ன்னு எழுதி ஒரு கையெழுத்து வாங்கியிருந்தா இந்தச் சண்டையே கிடையாது. என்னைக் கேட்டா பில்லு போடுறது வேலை முடிஞ்ச அன்னிக்கு ஆரம்பிக்கிற விஷயமே இல்லை. எஸ்டிமேட் எழுதுற அன்னிக்கே முக்கால் பில்லு எழுதியாச்சு. ஷீட் எத்தனை எம்எம், எந்தக் கம்பெனி, பைப் என்ன சைஸ், தண்ணி போற கட்டர் சேர்த்தியா சேர்க்காமலா, எல்லாமே அதுலயே வந்துடணும்.

ரெண்டாவது சண்டை: "அப்படியே..."

நம்ம பொட்டி தட்டுற தொழில்லயும் இந்த "அப்படியே" உண்டு. "அப்படியே அந்த சின்ன பட்டனையும் சேர்த்துடுங்களேன்." கூரை வேலையில அது "அண்ணே, அப்படியே அந்த சன்ஷேடு மேலயும் ரெண்டு ஷீட்டைப் போட்டு விட்ருங்க." இவரும் முகத்துக்கு நேரா மறுக்க முடியாம "போட்டுடலாம் சார்"ன்னுடுவார். வீட்டுக்காரர் காதுல விழுந்தது "இலவசம்". இவர் மனசுல இருக்கிறது "பில்லுல சேர்த்துக்கலாம்".

இதுக்கு மருந்து ரொம்ப சிம்பிள். அன்னிக்கே வாட்ஸப்புல ஒரு வரி: "சார், சன்ஷேடு 40 சதுரடி, கூடுதல் 8,000. சரின்னா சொல்லுங்க, நாளைக்குப் போட்டுடுறோம்." அவர் "ஓகே"ன்னு அனுப்பினப்புறம் ஏணியை வச்சாப் போதும். ஃப்ரீயாவே பண்ணிக் குடுக்குறதா இருந்தாலும் பில்லுல எழுதணும்: "சன்ஷேடு, 8,000, கழிவு 8,000". நாம விட்டுக் குடுத்தது அவருக்குத் தெரியவாவது தெரியட்டுமே!

மூணாவது சண்டை: மழை

இதுதான் பெரிய சண்டை. "மழை வரட்டும், ஒழுகலைன்னா மிச்சத்தைத் தர்றேன்."

கான்ட்ராக்டருங்க இதைக் கேட்டதும் கொதிக்கிறாங்க. சென்னைப் பக்கம் பிப்ரவரில வேலை முடிஞ்சா, வடகிழக்குப் பருவமழைக்கு அக்டோபர் வரைக்கும் காத்திருக்கணும். எட்டு மாசம்! கோபம் வராதா? ஆனா வீட்டுக்காரர் பக்கமும் நியாயம் இருக்குங்க. மத்த வேலை எல்லாம் கண்ணுக்குத் தெரியும். பெயிண்ட் அடிச்சா தெரியும், டைல்ஸ் ஒட்டினா தெரியும். கூரையில வேலை சரியான்னு பாக்க அறுபது வயசு அப்பா ஏணியில ஏற முடியுமா? ஸ்க்ரூவுக்கு அடியில ரப்பர் வாஷர் போட்டானா இல்லையான்னு கீழ நின்னா தெரியவே தெரியாது. அவருக்குத் தெரிஞ்ச ஒரே டெஸ்டிங் மழைதான்.

அதனால மழைக்குப் பதிலா வேற டெஸ்டை நாமளே குடுத்துடணுங்கறது என் கட்சி. ஷீட்டுன்னா ஹோஸ் பைப்பை எடுத்து முகட்டுலயும் ஷீட்டு சேர்ற இடத்துலயும் வீட்டுக்காரரைப் பக்கத்துல வச்சுக்கிட்டே தண்ணி அடிச்சுக் காட்டலாம். மாடியில ஒழுகாம இருக்க வாட்டர்ப்ரூஃபிங் பண்ணினதுன்னா, குழாயை அடைச்சு ரெண்டு நாள் தண்ணி கட்டி வச்சுக் காட்டுறது பழைய வழக்கம்தான். அதோட வேலை நடக்கும்போதே எடுத்த நாலு போட்டோ. பழைய கூரை, பைப் வேலை, ஸ்க்ரூ கிட்டத்துல, முடிஞ்சது. பில்லோட அதையும் சேர்த்து அனுப்பினா ஏற முடியாத அப்பாவும் பார்ப்பார், துபாய்ல இருந்து காசு அனுப்புற பையனும் பார்ப்பான். காசு குடுக்குறது பையன், மேற்பார்வை அப்பாங்கற வீடு நம்ம ஊர்ல எக்கச்சக்கம். பில்லை அப்பாகிட்ட மட்டும் குடுத்துட்டு "பாக்கி வரலை"ன்னு அழுது புண்ணியம் இல்லை.

காசைப் படிப்படியா வாங்குறதும் இதோட சேர்ந்ததுதான். அதே 1,69,000க்கு:

- சாமான் வாங்க முன்பணம் 50%: 84,500
- பைப் வேலை முடிஞ்ச அன்னிக்கு 30%: 50,700
- ஷீட் போட்டு முடிச்சதும் 15%: 25,350
- தண்ணி டெஸ்ட் முடிஞ்சதும் 5%: 8,450

ஒவ்வொரு படிக்கும் தனித்தனி பில்லு, அன்னிக்கே. வாங்கின காசுக்கு ரசீது. இப்ப வீட்டுக்காரருக்கும் கையில ஒரு பிடி இருக்கு, கான்ட்ராக்டருக்கும் நிக்கிறது 29,000 இல்லை, 8,450தான். அந்த அஞ்சு சதவீதத்தை மழை வரைக்கும் வச்சுக்குறேன்னு அவர் அடம் பிடிச்சாக்கூட, தேதியை எழுதி வாங்கிட்டு நிம்மதியாத் தூங்கலாம்.

"பில்லு வேணுமா சார்?"

இந்தக் கேள்வியைத்தான் முதல்ல ஒழிக்கணும். பில்லுன்னாலே ஜிஎஸ்டி, அதனால 18% கூடன்னு ரெண்டு தரப்புமே நினைச்சுக்கிட்டு இருக்கு. ரெண்டும் வேற வேற. வருஷ வரவு 20 லட்சத்துக்குள்ள இருக்குற, ஜிஎஸ்டி பதிவு இல்லாத ஆளும் தாராளமா பில்லு குடுக்கலாம். வரின்னு ஒரு பைசா அதுல போடக் கூடாது, அவ்வளவுதான். சேவைக்குப் பில்லு குடுக்காம இருக்குறதையே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகம்னு சொல்லுது.

ஆனா அந்த 20 லட்சம் ரொம்ப தூரத்துல இல்லை. மாசம் இதே மாதிரி ஒரு வேலை பண்ணினாலே வருஷத்துக்கு 20,28,000. தாண்டியாச்சு! தாண்டினா பதிவு பண்ணித்தான் ஆகணும். சின்னவங்களுக்கு 2019 ஏப்ரல்ல இருந்து 50 லட்சம் வரைக்கும் 6% கட்டுற காம்போசிஷன் வழி இருக்கு. அதை எடுத்தவங்க வரியை வீட்டுக்காரர்கிட்ட தனியா வசூல் பண்ணக் கூடாது, ரேட்டுலயே பார்த்துக்கணும். இதெல்லாம் எஸ்டிமேட் போடுறப்பவே முடிவு பண்ணணும். கடைசி நாள்ல "18% சேர்த்துக் குடுங்க"ன்னா யாரு குடுப்பா?

இன்னொண்ணு. பெரிய வேலைன்னா ரொக்கத்துல ஜாக்கிரதை. ஒரே வேலைக்கு 2 லட்சமோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கக் கூடாதுன்னு 2017 ஏப்ரல்ல இருந்து வருமான வரிச் சட்டத்துல இருக்கு. துண்டு துண்டா வாங்கினாலும் கணக்குதான். மாட்டினா அபராதம் வாங்கினவருக்கு, குடுத்தவருக்கு இல்லை. பேசாம பில்லுலயே யூபிஐ க்யூஆர் ஒண்ணை ஒட்டிடுங்க. "நாளைக்கு பேங்க் போறேன்"ங்கற சாக்கும் போச்சு.

"தம்பி, எழுத்து கிழுத்துன்னு ஆரம்பிச்சா நம்பிக்கை போயிடும். நாங்க வாய் வார்த்தையிலயே முப்பது வருஷம் ஓட்டிட்டோம்"னு சொல்ற பெரியவங்க உண்டு. மரியாதையோடவே மறுக்கிறேன். ஏமாத்துறவனை எழுத்து தடுக்காது, அவன் எப்படியும் ஏமாத்துவான். கூலி பாக்கிக்கு வழக்குப் போட 3 வருஷம் அவகாசம் இருக்குதான், ஆனா 29,000க்காக யாரு கோர்ட்டுப் படி ஏறப் போறா? எழுத்து தேவைப்படுறது ரெண்டு நல்லவங்களுக்கு நடுவுலதான். மூணு மாசம் கழிச்சு ரெண்டு பேரும் ஒரே பேச்சை வேற வேற மாதிரி ஞாபகம் வச்சிருப்பாங்க, ரெண்டு பேருமே உண்மையைத்தான் சொல்லுவாங்க.

இதைப் படிக்கிற நம்மள்ல பெரும்பாலானவங்க காசு குடுக்குற பக்கம்தான். அதனால ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை வீட்டுல கூரை வேலைன்னா, "அண்ணே, ஷீட் அளவு எவ்வளவு, எந்தெந்தக் கட்டத்துல எவ்வளவு குடுக்கணும், எழுதிக் குடுத்துடுங்க"ன்னு நீங்களே கேளுங்க. அவர் எழுதிக் குடுத்தபடி வேலை முடிஞ்சா, அன்னிக்கே குடுத்துடுங்க. வெயில்ல தகரத்து மேல உக்காந்து ஸ்க்ரூ அடிச்ச மனுஷன், பாக்கிக்காக நாலு தடவை உங்க கேட்டுல வந்து நிக்கிறது ரெண்டு பேருக்குமே அழகில்லை.

ஷீட் போட்ட அனுபவம் இருக்குறவங்க பின்னூட்டத்துல வாங்க. சதுரடிச் சண்டை உங்க வீட்டுல எத்தனை ஆயிரத்துல முடிஞ்சதுன்னு தெரிஞ்சுக்க ஆசை :)