கூட்டிக் கழித்துச் சாப்பிடுவோம்

சென்ற இதழில் காலை நடையைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டுப் பல சகோதரிகள் ஒரே கேள்வியைத்தான் கேட்டு எழுதியிருக்கிறார்கள். “நடக்கிறோம் சரி, எடை குறைய வேண்டுமானால் ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று சொல்லவில்லையே?” என்கிறார்கள். நியாயமான கேள்விதான். நடையைச் சொன்னவள் சாப்பாட்டையும் சொல்லத்தானே வேண்டும்!

நம்மில் பலருக்கு “உடம்பு இளைக்கணும்” என்றால் முதலில் தோன்றுவது பட்டினிதான். வாரத்தில் இரண்டு நாள் ஒருபொழுது, மற்ற நாளில் ராத்திரிக்கு ஒரு டம்ளர் மோர். அதோடு விடியற்காலையில் ஒரு மணி நேர நடை வேறு. இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை என் ஓரகத்தி விஷயத்தில் கண்ணாலேயே பார்த்தேன்.

அவளுக்கு வயது 42. உயரம் 156 செ.மீ., எடை 72 கிலோ. இரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.1 என்று வந்தது. 5.7-லிருந்து 6.4 வரை இருந்தால், சர்க்கரை வியாதி வாசற்படியில் வந்து நிற்கிறது என்று பொருள். “ஐந்து கிலோ குறையுங்கள், தினமும் நடங்கள்” என்றார் டாக்டர். அவள் அம்மாவுக்குச் சர்க்கரையினால் கண் பார்வை மங்கிப்போனதைப் பார்த்தவள். பயம் பிடித்துக்கொண்டது. காலையில் ஒரு காபி, மத்தியானம் கொஞ்சம் ரசம் சாதம், ராத்திரி இரண்டு பிஸ்கட். ஒன்றரை மணி நேரம் வேகு வேகென்று நடை. இரண்டே வாரத்தில் மூன்று கிலோ குறைந்தது. “பார்த்தீங்களா அக்கா!” என்று பூரித்துப்போனாள்.

மூன்றாவது வாரம் ஈரத் துணி வாளியோடு மொட்டை மாடிப் படி ஏறும்போது தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாள். நல்ல வேளை, விழவில்லை. அன்றிலிருந்து பசி தாங்கவில்லை. ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு முறுக்கு டின்னைத் திறந்தாள். போன எடை ஒரே மாதத்தில் திரும்பி வந்தது. டாக்டரிடம் போனால், “உங்களை யாரம்மா பட்டினி கிடக்கச் சொன்னது? கணக்கோடு சாப்பிடச் சொன்னேன்” என்றார். அதன் பிறகுதான் நானும் அவளும் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தோம். அந்தக் கணக்கைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். கூட்டலும் பெருக்கலும் தெரிந்தால் போதும்.

கலோரி என்பது உணவு தரும் சக்தியின் அளவு. ஒரு லிட்டர் தண்ணீரின் சூட்டை ஒரு டிகிரி உயர்த்தத் தேவையான வெப்பம்தான் நாம் சாப்பாட்டில் சொல்லும் ஒரு கலோரி. வீட்டு வரவு செலவு மாதிரிதான் இதுவும். சாப்பாடு வரவு, உழைப்பு செலவு. மிஞ்சுவதை உடம்பு கொழுப்பாகச் சேமித்து வைக்கிறது. பணச் சேமிப்பு நல்லது. இந்தச் சேமிப்பு அளவோடு இருந்தால்தான் நல்லது!

முதல் கணக்கு: நாள் முழுவதும் சும்மா படுத்திருந்தாலும் உடம்புக்குச் செலவு உண்டு. இருதயம் துடிக்க வேண்டும், மூச்சு ஓட வேண்டும், மூளை, ஈரல் எல்லாம் வேலை செய்ய வேண்டும். இந்த அடிப்படைச் செலவைக் கண்டுபிடிக்க 1990-ல் அமெரிக்காவில் ஒரு சூத்திரம் வெளியானது. இன்றும் பல உணவியல் நிபுணர்கள் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். எடையை (கிலோவில்) 10-ஆல் பெருக்குங்கள். உயரத்தை (செ.மீ.யில்) 6.25-ஆல் பெருக்கி அதோடு கூட்டுங்கள். வயதை 5-ஆல் பெருக்கி அதிலிருந்து கழியுங்கள். கடைசியாக 161-ஐக் கழியுங்கள். வீட்டுக்காரருக்குப் போடுவதானால், 161 கழிப்பதற்குப் பதில் 5 கூட்ட வேண்டும்.

என் ஓரகத்திக்கு: 720-ம் 975-ம் கூட்டினால் 1,695. வயதுக்கு 210 போனால் 1,485. அதில் 161 போனால் 1,324. அதாவது அவள் விரலைக்கூட அசைக்காமல் கிடந்தாலே நாளைக்கு 1,324 கலோரி செலவு! அவளோ எழுநூறு, எண்ணூறுக்கு மேல் சாப்பிடவில்லை. தலை சுற்றாமல் என்ன செய்யும்?

இரண்டாவது கணக்கு: வேலைக்கு ஏற்ற செலவு. பெரும்பாலும் உட்கார்ந்தே இருப்பவர்கள் அடிப்படைச் செலவை 1.2-ஆல் பெருக்க வேண்டும். வீட்டு வேலையும் மிதமான நடையும் உள்ளவர்கள் 1.375-ஆல் பெருக்கலாம். வாரத்தில் ஐந்து நாளாவது நன்றாக வியர்க்கப் பயிற்சி செய்கிறவர்களுக்கு 1.55. அம்மியில் அரைத்து, கிணற்றில் தண்ணீர் இறைத்த நம் பாட்டிமார்களுக்கு 1.55 தாராளமாகப் பொருந்தியிருக்கும். மிக்ஸியும் கிரைண்டரும் வாஷிங் மெஷினும் வைத்திருக்கும் நாம், “நாள் பூரா நிற்கிறேனே” என்று அந்த எண்ணை எடுத்துக்கொள்ளக் கூடாது. ஓரகத்திக்கு 1.375 எடுத்தோம். 1,324-ஐப் பெருக்கினால் ஏறக்குறைய 1,820. இந்த அளவு சாப்பிட்டால் எடை ஏறாது, இறங்காது.

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். 1.375 என்று எடுக்கும்போதே நடையும் அதில் சேர்ந்துவிட்டது. பிறகு, “இன்றைக்கு நடந்தேனே, அதற்கு இருநூறு கலோரி கூடச் சாப்பிடலாம்” என்று மறுபடி கூட்டினால் ஒரே செலவை இரண்டு தரம் எழுதினது போல் ஆகும். மளிகைக் கடைக்காரர் அப்படி எழுதினால் நாம் விடுவோமா?

நடையில் செலவாவதும் நாம் நினைக்கிற அளவு இல்லை. 72 கிலோ எடையுள்ளவர் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் 45 நிமிடம் நடந்தால், சுமார் 190 கலோரி செலவாகும். ஆனால் அந்த 45 நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தாலும் 54 போயிருக்கும். நடையினால் உண்மையில் கூடுதலாகச் செலவாவது 135-தான். கையில் கட்டும் புது மாதிரி வாட்சுகள் காட்டும் எண்ணும் உத்தேசம்தான். பல நேரங்களில் அதிகமாகவே காட்டிவிடும். பூங்காவில் நடந்துவிட்டு வாசலில் ஒரு மெதுவடையும் சர்க்கரை போட்ட காபியும் சாப்பிட்டால் நடந்ததற்கு மேலேயே வரவு வைத்தாயிற்று!

அப்படியானால் நடப்பது வீணா என்று கேட்காதீர்கள். 2006-ல் வெளியான, சென்னையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு அதற்குப் பதில் சொல்கிறது. சர்க்கரை வரும் நிலையில் இருந்தவர்களை நடக்கவும் உணவைத் திருத்திக்கொள்ளவும் வைத்ததில், வியாதி வரும் அபாயம் சுமார் 28 சதவீதம் குறைந்தது. அவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவில்லை. ஆனாலும் பலன் கிடைத்தது. எடை இறங்குவதைப் பெரும்பாலும் சாப்பாடு பார்த்துக்கொள்ளும். சர்க்கரைக்கும் இருதயத்துக்கும் மனசுக்கும் நடை வேண்டும். வாரத்துக்கு 150 நிமிடமாவது நடக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரத்தில் இரண்டு நாள் தசைக்குப் பலம் தரும் பயிற்சியும் வேண்டுமாம். நாற்காலியில் கை ஊன்றாமல் பத்து தரம் உட்கார்ந்து எழுந்திருப்பதும், சுவரில் கை வைத்துத் தள்ளுவதும்கூட அதில் சேர்த்திதான்.

மூன்றாவது கணக்கு: எவ்வளவு குறைப்பது? நாளுக்கு 400-லிருந்து 500 வரை போதும். ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. ஓரகத்திக்கு 1,820-ல் 420 குறைத்து 1,400 வைத்தோம். மாதம் ஒன்றரை கிலோ குறைய அது போதும். டாக்டரின் மேற்பார்வை இல்லாமல் 1,200-க்குக் கீழே எந்தப் பெண்ணும் இறங்கக் கூடாது. அப்படி இறங்கினால் கொழுப்போடு தசையும் கரையும். இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் போதாமல் போகும்.

“1,400-ன்னா என்னக்கா சாப்பிடறது?” என்றாள். இதோ, அவளுடைய ஒரு நாள் சாப்பாடு. காலையும் மாலையும் 100 மில்லி பாலில், ஒரு ஸ்பூன் சர்க்கரையோடு காபி: இரண்டுக்கும் 160. மூன்று சிறிய இட்லி, ஒரு கப் சாம்பார்: 260. மத்தியானம் 75 கிராம் அரிசிச் சாதம், சாம்பார், தட்டில் பாதி இடம் காய்கறி, ஒரு கிண்ணம் தயிர்: 500. மாலையில் ஒரு கைப்பிடி கொண்டைக்கடலைச் சுண்டல்: 130. ஒரு கொய்யாப்பழம்: 50. ராத்திரி எண்ணெய் இல்லாத இரண்டு சப்பாத்தி, பருப்பு போட்ட காய்க் கூட்டு: 315. கூட்டினால் 1,415. புரதமும் ஏறக்குறைய 50 கிராம் வந்துவிடும். “இவ்வளவா? பட்டினி கிடந்தப்போ இதில் பாதிகூடச் சாப்பிடலையே!” என்று ஆச்சரியப்பட்டாள்.

குறைத்த 420 எங்கிருந்து வந்தது? ஒரு பகுதி எண்ணெயிலிருந்து. நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் 3 லிட்டர் எண்ணெய் செலவானால், ஆளுக்கு நாளொன்றுக்கு 205 கலோரி எண்ணெயில் மட்டும் வருகிறது. அதை 2 லிட்டராக்கினால் 137. யாருக்கும் ஒரு வாய் சாப்பாடு குறையவில்லை, 68 கலோரி குறைந்தது, பணமும் மிச்சம். மூன்று வேளைக் காபிக்கு இரண்டு இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டால் அதுவே 120. இன்னொரு இடம், நம் வழக்கம். குழந்தை தட்டில் மிஞ்சிய அரை தோசை, அடிச் சட்டியில் ஒட்டிய பாயசம், “வீணாகப் போகுதே” என்று வாயில் போடும் பழைய பஜ்ஜி. இதையெல்லாம் யாரும் சாப்பாடு என்று சொல்வதில்லை. உடம்பு மட்டும் ஒன்றையும் விடாமல் எழுதிக்கொள்கிறது! மிஞ்சியதைக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். நம் வயிறு மிச்சம் மீதி போடும் பாத்திரம் அல்ல.

இந்தச் சூத்திரம் வெளிநாட்டவரை அளந்து உண்டாக்கியது. நம் நாட்டவருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே காட்டக்கூடும். ஆகவே எடை மெஷினைக் கொண்டு சரி பார்க்க வேண்டும். வாரம் ஒரு நாள், காலையில் வெறும் வயிற்றில், ஒரே மாதிரி உடையில் எடை பாருங்கள். முதல் வாரம் மளமளவென்று குறைந்தால் பெரும்பகுதி நீர்தான், குதிக்க வேண்டாம். மாதவிலக்கு சமயத்தில் ஒரு கிலோ ஏறினாலும் அழ வேண்டாம். நான்கு வாரம் கழித்தும் அசையவே இல்லையென்றால் நூறு கலோரி குறையுங்கள். அதற்கு 1,200-க்குக் கீழே போக வேண்டியிருந்தால் சாப்பாட்டில் கை வைக்காமல் நடையைக் கூட்டுங்கள்.

ஓரகத்திக்கு முதல் மாதம் இரண்டு கிலோ, அடுத்த இரண்டு மாதமும் ஒவ்வொரு கிலோ, நாலாம் மாதம் ஒன்றுமே இல்லை, ஐந்தாம் மாதம் அரை கிலோ குறைந்தது. இப்போது 67½. உடம்பு சிறுத்தால் அதன் செலவும் சிறுக்கும். புது எடைக்குக் கணக்குப் போட்டால் 1,820 என்பது 1,760 ஆகிவிட்டது. அதனால்தான் போகப் போக மெதுவாகக் குறைகிறது. ஐந்து கிலோ குறைந்ததும் கணக்கைப் புதிதாகப் போட வேண்டும். சர்க்கரையும் 6.1-லிருந்து 5.8-க்கு இறங்கியிருக்கிறது. இன்னும் வாசற்படிதான், ஆனால் ஒரு படி கீழே.

ஒரு எச்சரிக்கை. கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், இருதயம், சிறுநீரகம், தைராய்டு கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இந்தக் கணக்கில் இறங்க வேண்டாம். மருந்தோடு சாப்பாட்டையும் குறைத்தால் சர்க்கரை திடீரென்று தாழ்ந்து ஆபத்தாகிவிடும்.

வீட்டில் யாருக்கு எத்தனை தோசை, யாருக்குக் காரம் ஆகாது, யாருக்கு எத்தனை மணிக்கு மாத்திரை என்று எல்லாம் நமக்கு மனப்பாடம். நமக்கு எவ்வளவு வேண்டும் என்பதை மட்டும் இதுவரை யாரும் எண்ணியதில்லை, நாம் உட்பட. கலோரிக் கணக்கு என்றால் வாயைக் கட்டும் கணக்கு என்று நினைக்காதீர்கள். இது நாம் சாப்பிட்டே ஆக வேண்டிய அளவைச் சொல்லும் கணக்கு. இன்று மாலையே ஒரு காகிதத்தில் உங்கள் எடை, உயரம், வயதைப் போட்டுப் பாருங்கள். வருகிற எண்ணைச் சமையலறைக் காலண்டரில் எழுதி வையுங்கள். ராத்திரி எல்லோருக்கும் பரிமாறும்போதே உங்கள் தட்டையும் போட்டு உட்காருங்கள்.