ஆர்டர் குறையும்போது ஆட்களைக் காப்போம்

கொரோனா காலத்தில், 2020 ஏப்ரலில், ஏர்பஸ் நிறுவனம் ஏ320 ரக விமானங்களின் மாத உற்பத்தியை 60-லிருந்து 40 ஆகக் குறைத்தது. அந்த அடி உதிரிபாகம் செய்யும் சிறு பட்டறைகள் வரை விழுந்தது. பெரிய நிறுவனத்தின் கையில் பல்லாண்டுக்கான ஆர்டர் உண்டு. சிறு நிறுவனத்துக்கோ அடுத்த மாதச் சம்பளமே கேள்விக்குறி.

அமெரிக்காவின் விச்சிட்டா நகரம் இதற்குச் சாட்சி. போயிங் 737 மேக்ஸ் உற்பத்தி நின்றதும், அதன் உடற்பகுதியைத் தயாரித்துவந்த ஸ்பிரிட் ஏரோசிஸ்டம்ஸ் 2020 ஜனவரியில் 2,800 பேருக்கு வேலைநீக்க அறிவிப்பு கொடுத்தது. வருவாயில் பாதிக்கு மேல் ஒரே விமானத்தை நம்பியிருந்ததன் விலை அது.

பிரான்ஸ் வேறு வழியில் சென்றது. வேலை நேரத்தைக் குறைத்த நிறுவனங்களில், தொழிலாளர் சம்பளத்தின் ஒரு பகுதியை அரசு ஏற்றது. சிறு நிறுவனங்கள் ஒன்றிணையவும் இயந்திரங்களைப் புதுப்பிக்கவும் நிதி ஒதுக்கியது. அமெரிக்காவும் 2021-ல் விமான உற்பத்தித் துறைக்கெனச் சம்பள உதவித் திட்டம் கொண்டுவந்தது. அதற்குள் பலர் வேலையிழந்திருந்தனர்.

விமானப் பாகம் செய்யும் தொழிலாளிக்குப் பயிற்சியும் தரச்சான்றும் கைகூட ஆண்டுகள் ஆகும். இன்று அனுப்பிவிட்டு நாளை அழைத்தால் அவர் கிடைக்கமாட்டார். சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சியை இணைக்கும் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தை வளர்க்கும் தமிழகம் இதைக் கவனிக்க வேண்டும். மந்தகாலச் சம்பள உதவி, தாமதமின்றிக் கிடைக்கும் பில் தொகை, ஒரே வாடிக்கையாளரைச் சாராத சந்தை ஆகிய மூன்றுக்கும் நல்ல காலத்திலேயே திட்டமிடுவது அரசின் கடமை.