பேருந்துக் கட்டணம் தந்தவர்கள் யார்?

லண்டன் விக்டோரியா பேலஸ் அரங்கில் 2005 முதல் 2016 வரை நடைபெற்ற ‘பில்லி எலியட்’ இசை நாடகத்தைப் போற்றுவோர் பலர் அதன் கதையை இப்படித்தான் சுருக்குகின்றனர்: முரட்டுச் சுரங்கத் தொழிலாளியின் தாயற்ற மகன் ஒருவன், தன் சூழலின் அறியாமையை வென்று பாலே நடனக் கலைஞனாகிறான். திறமை இருந்தால் போதும், வர்க்கம் ஒரு தடையல்ல!

நாடகம் சொல்வது இதுவா? கதை நிகழும் காலம் 1984-85. வட இங்கிலாந்தின் ஈசிங்டன் ஊரே வேலைநிறுத்தத்தில் நிற்கிறது. 20 சுரங்கங்களை மூடி ஏறத்தாழ 20,000 பேரின் வேலையைப் பறிக்கும் திட்டத்தின் பின்னே தாட்சர் அரசு நின்றது. தொழிற்சங்கம் தராத உதவித்தொகையைத் தந்ததாகப் பாவித்து, போராடுவோர் குடும்பங்களுக்குரிய அரசு நிவாரணத்தில் அதைக் கழித்துக்கொள்ள 1980ஆம் ஆண்டிலேயே சட்டம் செய்துவைத்திருந்தது அந்த அரசு. நடனப்பள்ளித் தேர்வுக்கு லண்டன் செல்லப் பேருந்துக் கட்டணம் இல்லாத வீட்டின் வறுமை தந்தையின் மூடத்தனத்தால் விளைந்ததன்று. அது சட்டம் இயற்றி உண்டாக்கப்பட்ட வறுமை.

மகனுக்காகத் தந்தை மறியல் கோட்டைக் கடந்து வேலைக்குத் திரும்பத் துணிகிறான். மூத்த மகன் டோனி கொதித்தெழுகிறான். பட்டினி கிடக்கும் தொழிலாளர்கள் ஒவ்வொருவராகச் சில்லறைக் காசுகளைத் தருகிறார்கள். ‘தனிமனிதத் திறமை’ பேசுவோர் சௌகரியமாக மறந்துவிடும் காட்சி இது.

ஆனால் அந்தக் காசு போதவில்லை. அப்போது ஒரு கருங்காலி (கோடரிக்குக் காம்பாகித் தன் இனத்தையே வெட்டும் மரம் என்று நம் தொழிலாளர்கள் எவ்வளவு பொருத்தமாகப் பெயரிட்டார்கள்!) நூற்றுக்கணக்கான பவுண்டுகளை நீட்டுகிறான். டோனி மறுக்கிறான், அவனுக்கு ஆதரவாக ஒரு குரலும் எழவில்லை. பசித்த ஊரின் மௌனம் உண்மையானதுதான்; அதை மறைக்காதது நாடகத்தின் நேர்மை. எனினும், சிறுவனின் எதிர்காலத்தைத் தராசின் ஒரு தட்டில் வைத்துவிட்டு, மறு தட்டில் டோனியைத் தனியனாக நிறுத்துவது நியாயமான எடைபோடல் அன்று. கட்டுப்பாட்டைக் காப்பவன் இங்கே இதயமற்றவனாகத் தோன்றிவிடுகிறான். உலகெங்கும் வேலைநிறுத்தங்களை உடைக்கத் தொழிலாளியின் பிள்ளைகளைக் காட்டியே முதலாளிகள் பேரம் பேசியிருக்கிறார்கள் என்பதை நாடகாசிரியர் லீ ஹால் அறியாதவரல்லர்.

2013 ஏப்ரல் 8 அன்று தாட்சர் இறந்தார். அவரை எள்ளி நகையாடும் பாடலை அன்றிரவு பாடலாமா என்று பார்வையாளரிடமே கேட்கப்பட்டது. பாடச் சொன்னார்கள், பாடப்பட்டது. அரங்கில் இருந்தோர் வர்க்கத்தை மறந்துவிடவில்லை.

இறுதிக் காட்சியில் பில்லி பெட்டியுடன் புறப்படுகிறான். தோற்ற தொழிலாளர்கள் தலைவிளக்குகளை ஏற்றிக்கொண்டு மீண்டும் சுரங்கத்துள் இறங்குகிறார்கள். ஈசிங்டன் சுரங்கம் 1993இல் மூடப்பட்டது. பில்லியுடன் குத்துச்சண்டை பழகிய மற்றச் சிறுவர்கள் எந்த வேலைக்குப் போனார்கள் என்று நாடகம் கேட்கவில்லை.