கண் பிதுங்குவது அழகுப் பிரச்சினையா?

"முழி பிதுங்குது" என்று நாம் சிரித்துக்கொண்டே சொல்கிறோம். தைராய்டு நோயால் நிஜமாகவே கண் பிதுங்கியவர்களுக்கு அது சிரிப்பல்ல. அதற்கான ஆபரேஷனை 'காஸ்மெடிக்' என்று ஒதுக்குவதுதான் பெரிய கொடுமை. என் தங்கையின் விண்ணப்பத்தை இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்று அந்த ஒரே வார்த்தையில் திருப்பி அனுப்பியது. கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். அந்த வார்த்தையோடுதான் எனக்குச் சண்டை.

கண்குழியைச் சுற்றி எலும்புச் சுவர். கிரேவ்ஸ் நோயில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கண்ணுக்குப் பின்னாலுள்ள தசையையும் கொழுப்பையும் வீங்க வைக்கிறது. எலும்பு விரிந்து கொடுக்காது. எனவே கண் வெளியே தள்ளப்படுகிறது. இமை சரியாக மூடாமல் கருவிழி காய்ந்து புண்ணாகலாம். சிலருக்குப் பார்வை நரம்பே நசுங்கும்; சிவப்பு நிறம் வெளுத்துத் தெரிவது அதற்கு ஓர் அறிகுறி. கவனிக்காவிட்டால் பார்வையே போகும். இதில் அழகு எங்கே வந்தது?

சுவரில் ஒரு பகுதியை எடுத்து, தேவையானால் கொழுப்பையும் நீக்கி, கண் உள்ளே போக இடம் செய்கிறார்கள். ஹங்கேரி டாக்டர் டோலிங்கர் 1911-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். நேற்று வந்த ஃபேஷன் அல்ல.

எல்லோருக்கும் கத்தி தேவையில்லை என்பதும் உண்மை. பலருக்குச் சொட்டு மருந்து, தைராய்டு கட்டுப்பாடு, புகையை விடுவது இவையே போதும். பார்வை நரம்பு நசுங்கினால் முதலில் ஸ்டீராய்டு ஊசி. அது கேட்காவிட்டால் ஆபரேஷனைத் தள்ளிப்போடக் கூடாது. மற்றவர்களுக்கு வீக்கம் அடங்கிய பிறகு முதலில் எலும்பு, அடுத்து மாறுகண், கடைசியில் இமை. ஆபரேஷனுக்குப் பின் சிலருக்கு இரட்டைப் பார்வை வரலாம். டாக்டரிடம் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நோய் மாற்றிவிட்ட முகத்தைத் திரும்பக் கேட்பதுகூட ஆடம்பரம் ஆகாது என்பது என் கட்சி. அதை ஏற்காதவர்களும் பாலிசியைப் படிக்கட்டும். நம் நாட்டு மருத்துவ பாலிசிகளில் காஸ்மெடிக் சிகிச்சைக்குப் பணம் கிடையாது என்னும் அதே விதியில், உடனடி ஆபத்தை நீக்கும் அவசிய சிகிச்சை என்று டாக்டர் சான்று தந்தால் அந்தத் தடை பொருந்தாது என்றும் இருக்கிறது.

ஆகவே மறுத்துவிட்டார்களே என்று மூலையில் உட்காராதீர்கள். சி.டி. ஸ்கேன், நிறப்பார்வைச் சோதனை, டாக்டர் கடிதம் மூன்றையும் வைத்துக் கம்பெனிக்கு எழுதுங்கள். முப்பது நாளில் சரியான பதில் இல்லையென்றால் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் போங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது. கண் போன பிறகு வரும் பணம் யாருக்கு வேண்டும்?